ஆர்பெஜியோ ஓட்டுகிறவன் சோம்பேறி அல்ல

சேலம், நாமக்கல் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறவர்களைப் பற்றி ஒரு பேச்சு நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. மேடைக்குப் பின்னால் டீ குடிக்கிற இடத்திலும், கீபோர்டு வகுப்பு வாசலிலும், கச்சேரி பேச வருகிற விழாக் கமிட்டிக்காரர் வாயிலும் அதே பேச்சுதான். "பட்டனை அமுக்குனா அதுவே வாசிக்குதுங்க, இதுல இவன் திறமை என்ன இருக்கு?" இது முதல் குற்றச்சாட்டு. இரண்டாவது: "கம்பெனிக்காரனே ஆயிரக்கணக்குல குடுத்திருக்கான். புதுசா செய்யறேன்னு ராத்திரியெல்லாம் உக்காந்திருக்கிறது வெட்டி வேலை." மூன்றாவது, கொஞ்சம் சங்கீதம் படித்தவர்கள் சொல்வது: "அது வெள்ளைக்காரன் சங்கதி. கார்டை உடைச்சு வாசிக்கறது. நம்ம ராகத்துக்கு ஆகாது."

இந்த மூன்றையும் பெரும்பாலும் ஒரே ஆளே சொல்கிறார். மூன்றும் தவறு. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, நம் பிள்ளைகள் கடன்பட்டு வாங்கிய கருவியைப் பாதிகூடத் திறந்து பார்க்காமல் வைத்திருக்கிறார்கள். அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால் கார்டு. அந்த நாலையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு வரிசையில், ஒரு தாளக் கணக்கில் ஒலிக்கவிட்டால் ஆர்பெஜியோ. விரல் செய்கிற இந்த வேலையைக் கருவியே செய்கிற ஏற்பாடு 1978-இல் ரோலண்ட் விட்ட ஜூபிடர்-4 சிந்தசைசரிலேயே உண்டு. அன்றைக்கு மேலே ஏறு, கீழே இறங்கு, ஏறி இறங்கு, இல்லையென்றால் முறையின்றித் தாவு என்ற அளவில்தான் அது இருந்தது. 1988-இல் கோர்க் எம்1 வந்தபின், ஒலியும் தாளமும் பதிவும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய ஒர்க்ஸ்டேஷன் பரவியது. 1999-இல் கோர்க் ட்ரைட்டன், 2001-இல் யமஹா மோட்டிஃப் என்று வரவர, நம் கையால் ஒரு வரிசையை அமைத்து அதையே ஆர்பெஜியோவாக வைத்துக்கொள்ளும் வசதி கைக்கு வந்தது. இன்றைய யமஹா மோடெக்ஸில் கம்பெனி போட்டுக் கொடுத்தவை பத்தாயிரத்துக்கும் மேல். நாம் செய்து சேமிக்க 256 இடங்கள் தனியாக உண்டு. நான் பார்த்த மேடைக் கருவிகளில் பெரும்பாலும் அந்த இடங்கள் வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே காலியாகக் கிடக்கின்றன.

விரல் வராதவன் வேலை என்கிற பேச்சுக்கு வருகிறேன். ஒரே விரல் அமைப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சோம்பேறித்தனம் என்றால், முதலில் ஐரோப்பிய இசைமேதை பாக்கைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். 1722-இல் அவர் முடித்த 'வெல் டெம்பர்டு கிளேவியர்' முதல் தொகுதியின் முதல் உருப்படி, சி மேஜர் பிரெலூட். மொத்தம் 35 பார். கடைசி மூன்று பார்களை விட்டால் முழுக்க ஒரே அமைப்பு. ஐந்து சுரங்கள், எட்டு அடிகள், ஒவ்வொரு பாரிலும் இரண்டு முறை. கார்டு மட்டும் மாறிக்கொண்டே போகிறது. உலகம் முழுவதும் பியானோ படிக்கிற பிள்ளைகள் இன்றும் அதை வாசிக்கிறார்கள். அதன் அழகு விரல் வேகத்தில் இல்லை. எந்தக் கார்டுக்குப் பின் எந்தக் கார்டு என்று பாக் எடுத்த முடிவில் இருக்கிறது. அந்த பாக்கைத் தன் வீட்டிலேயே சந்தித்ததாக ஓர் உருப்படிக்குப் பெயர் வைத்து, 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் சேர்த்தார் இளையராஜா. அவர் பாட்டுகளை வாசித்துத்தான் நம் குழுக்கள் எல்லாம் பிழைக்கின்றன.

பாக் எதற்கு, நம் வீட்டுத் திண்ணைக்கே வரலாம். புரந்தரதாசர் வகுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அலங்காரங்களைப் பாடாமல் கர்நாடக சங்கீதத்தில் யாரும் அடுத்த படி ஏறியதில்லை. திஸ்ர ஜாதி திரிபுட தாள அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ச ரி க, ச ரி, க ம. மூன்று, இரண்டு, இரண்டு. ஆக ஏழு அட்சரம். அடுத்த வரி ரி க ம, ரி க, ம ப. அதற்கடுத்து க ம ப, க ம, ப த. வடிவம் ஒன்று, அது சுரப்படிகளில் ஏறிக்கொண்டே போகிறது. மாயாமாளவகௌளையில் படித்த அதே வடிவத்தைக் கல்யாணியில் பாடச் சொல்வார் வாத்தியார், சங்கராபரணத்தில் பாடச் சொல்வார். பிள்ளை மனப்பாடம் செய்வது சுரத்தை என்பதைவிட வடிவத்தை என்பதே சரி. முதல் சுரம், இரண்டாவது, மூன்றாவது, மறுபடி முதல், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது என்ற அந்த வரிசைதான் பாடம்.

கீபோர்டு ஆர்பெஜியோவைச் சேமித்து வைப்பதும் இதே மாதிரிதான். வரிசை அதன் நினைவில் இருக்கிறது. எந்தச் சுரம் என்பது நம் கையில் இருக்கிறது. மேலே சொன்ன ஏழு அட்சர வரிசையை ஒருமுறை பதிந்து ஆர்பெஜியோவாக மாற்றிக்கொண்டு, ச ரி க ம என்ற நாலு கட்டைகளைப் பிடித்தால் முதல் வரி ஒலிக்கும். கையை ஒரு சுரம் மேலே நகர்த்தி ரி க ம ப பிடித்தால் இரண்டாம் வரி ஒலிக்கும். இந்த இலக்கணத்தைப் பல நூற்றாண்டுகளாகக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒரு சமூகம், பெட்டிக்குள் அதைக் கண்டதும் அன்னியம் என்று ஒதுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

காதுக்குப் புதிது என்று சொல்வதும் உண்மை இல்லை. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகப் போகிற நெடுஞ்சாலை ஓரம் வளர்ந்த யாருக்கும் லாரியின் ஏர் ஹாரன் சுரம் மாற்றி மாற்றி அடிக்கிற வரிசை தெரியும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆம் விதி, வெவ்வேறு சுரங்களைத் தொடர்ந்து ஒலிக்கிற ஹாரனை வண்டியில் பொருத்தக் கூடாது என்கிறது. சாலையில் அந்தத் தடை நியாயமானது. ஆனால் லாரி கட்டுகிற ஊரில் பிறந்து, ஆர்பெஜியோவை நான் கேட்டதே இல்லை என்று ஒருவர் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இனி ராகம் கெடும் என்கிற வாதம். மூன்றில் இதுதான் கொஞ்சம் கனமானது. இதைச் சொல்கிறவர்கள் காதால் கேட்டுத்தான் சொல்கிறார்கள், அதனால் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்டது உண்மை. மோகனத்தில் ஒரு பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது கீபோர்டிலிருந்து மத்தியமம் வந்து விழுவதை நானும் கேட்டிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அதற்குக் காரணம் என்ன என்று அவர்கள் தேடவில்லை.

யமஹா கருவிகளில், பதிந்த ட்ராக்கை ஆர்பெஜியோவாக மாற்றுகிறபோது மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நார்மல் என்று ஒன்று. இதில் நாம் அமுக்கிய சுரங்களும் அவற்றின் மேல், கீழ் ஸ்தாயிகளும் மட்டுமே ஒலிக்கும். ஃபிக்ஸ்டு என்று ஒன்று. எந்தக் கட்டையை அமுக்கினாலும் பதிந்தது பதிந்தபடி ஒலிக்கும், தாளக் கருவிகளுக்கு ஏற்றது. மூன்றாவது ஆர்க் நோட்ஸ். இது பிடித்த கார்டு எது என்று பார்த்து, பதிந்த சுரங்களை அதற்கேற்ப மாற்றி ஒலிக்கும். கம்பெனி போட்டுக் கொடுத்த வரிசையில் கிட்டாரும் பேஸும் கார்டுக்கேற்ப ஓடுகிற வகை நிறைய. அவற்றில் நாம் தொடாத சுரமும் வரும். மேற்கத்திய ஹார்மனியில் அது அழகு, மோகனத்தில் அது அபஸ்வரம். நாமே செய்து நார்மலில் மாற்றிய ஆர்பெஜியோவில் ச ரி க ப த ஐந்தைப் பிடித்தால் அந்த ஐந்தைத் தவிர ஆறாவது சுரம் வரவே வராது. ஆக, ராகத்தைக் கெடுத்தது ஆர்பெஜியோ என்ற ஏற்பாடு இல்லை. என்ன செய்யும் என்று தெரியாத ஆர்பெஜியோவைப் பட்டனில் தேடி ஓடவிட்டதுதான் கெடுத்தது. ராகம் கெடக்கூடாது என்று கவலைப்படுகிறவர்தான் சொந்தமாகச் செய்துகொள்ள வேண்டும் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

"கமகம்?" என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும். கீபோர்டில் கமகம் வருகிற இடம் இடது பக்கத்து பிட்ச் வீல். மெல்லிசை மேடையில் இடது கை எங்கே இருக்கிறது? கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வலது கையில் புல்லாங்குழலோ ஷெனாயோ போகிறது, வீலைத் தொடக் கை இல்லை. அதனால்தான் நம் கீபோர்டு வாசிப்பு இத்தனை தட்டையாக, சுரத்துக்குச் சுரம் குதித்துப் போகிறது. பின்னணியை ஆர்பெஜியோவுக்குக் கொடுத்து, கையை எடுத்தாலும் அது ஓடும்படி ஹோல்டைப் போட்டுவிட்டால் இடது கை விடுதலை ஆகிறது. ஆர்பெஜியோ ஓடுகிற பார்ட்டுக்கு மட்டும் பிட்ச் பெண்ட் அளவைச் சுழியாக வைத்துக்கொள்ளுங்கள். வீலை எவ்வளவு அசைத்தாலும் பின்னணி அசையாது, மேலே போகிற குழல் மட்டும் வளையும், நெளியும். காந்தாரத்தை அசைக்கலாம், நிஷாதத்தில் வழுக்கலாம். ஆர்பெஜியோ கமகத்தைக் கொன்றது என்கிறவர்கள் இதை ஒருமுறை செய்து கேட்டுவிட்டு வந்து பேசட்டும்.

ஆயிரக்கணக்கில் இருக்கும்போது புதிது எதற்கு என்பதற்கு வருவோம். எண்ணிக்கையைச் சொல்லி வாயடைக்கிற வாதம் இது. பத்தாயிரம் இருக்கட்டும், அவை யாருடைய நடை? நடன கிளப் அடி, ஃபங்க், ஹிப் ஹாப், ராக், லத்தீன் என்று போகிறது பட்டியல். மிகப் பெரும்பகுதி நான்கு நான்காக எண்ணுகிற கணக்கு. நம் திருவிழா மேடைக்கு வேண்டியது தப்புப் பறையில் மூன்று மூன்றாக உருண்டு வருகிற திஸ்ர நடை. ஆறு-எட்டு என்று போட்டிருப்பதைத் தேடி எடுத்தால் அது பெரும்பாலும் மெதுவாகத் தாலாட்டுகிற மேற்கத்திய பாலட். எண்ணிக்கை ஆறுதான். ஆனால் அழுத்தம் விழுகிற இடம் வேறு, அந்த இடம் வேறானால் ஆடுகிறவன் கால் நின்றுவிடும். இந்தியாவுக்கென்று வருகிற யமஹா பி.எஸ்.ஆர்-ஐ வரிசைக் கருவிகளில் தபேலா உண்டு, தம்பூரா உண்டு, சாதகம் செய்ய ரியாஸ் என்று தனி வசதியே உண்டு. நல்ல காரியம். ஆனால் பம்பையும் உடுக்கையும் கேட்டு வளர்ந்த காதுக்கு வடக்கத்தித் தபேலா எப்படிப் போதும்? ஜப்பானிலிருக்கிற ஒரு பொறியாளர் ராசிபுரத்துத் தேரோட்டத்தைக் கேட்டு வந்து போட்டுக் கொடுப்பார் என்று காத்திருக்க முடியாது. செய்ய வேண்டியவர் நாம்தான்.

செய்வது எப்படி? தப்பு வாசிக்கிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதலில் அவரை வாயால் சொல்லச் சொல்லுங்கள். கை போகிற நடையை வாய் இன்னும் தெளிவாகச் சொல்லும். யமஹாவின் மோட்டிஃப், எம்.ஓ.எக்ஸ்.எஃப் மாதிரிக் கருவியாக இருந்தால் பேட்டர்ன் பகுதிக்குப் போய் மீட்டரை 6/8 என்று வைத்து, வேகத்தைக் குறைத்து, டிரம் கிட்டில் அந்த நடையை ஒரு ட்ராக்கில் பதியுங்கள். அடுத்த ட்ராக்கில் பேஸ், அதற்கடுத்து மேலே ஓடுகிற சுர வரிசை. ஓர் ஆர்பெஜியோவுக்கு நாலு ட்ராக் வரை எடுக்கும், மொத்தம் வெவ்வேறான 16 சுரங்கள் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் அதுவே சிலவற்றைக் கழித்துவிடும், ஆகையால் டிரம் ஒலிகளை எண்ணிப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்து குவான்டைஸ். எல்லோரும் தவறுகிற இடம் இது. பதிந்ததைக் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார வைக்க நூறு சதவீதம் கொடுத்துவிடுவார்கள். தப்புக்காரர் வேண்டுமென்றே ஒரு மயிரிழை தாமதமாக வைத்த அடி அதோடு செத்துப்போகும், உயிரும் போய்விடும். ஸ்ட்ரெங்த் என்ற அளவை ஐம்பது, அறுபதுக்குக் குறைத்தால் பிசிறு மட்டும் போகும், நடை தங்கும். அடியின் பலத்தைக் குறிக்கிற வெலாசிட்டியையும் தொட்டுப் பாருங்கள். சிம்புக்குச்சி அடியும் அடிக்குச்சி அடியும் ஒரே பலத்தில் இருந்தால் அது தப்பு இல்லை, தகர டப்பா. இதெல்லாம் முடிந்தபின் 'புட் ட்ராக் டு ஆர்பெஜியோ' என்கிற வேலையைத் திறந்து, எத்தனாவது பாரிலிருந்து எத்தனாவது பார் வரை என்று கொடுத்து, தாளத்துக்கு ஃபிக்ஸ்டு, சுர வரிசைக்கு நார்மல், பேஸுக்கு ஆர்க் நோட்ஸ் என்று பிரித்து, பெயர் வைத்துச் சேமிக்க வேண்டும்.

இதைச் சோம்பேறி செய்வானா? இளம்பிள்ளையில் சேலைக்கு ஜக்கார்டு அட்டை வெட்டுகிறவரைப் பார்த்து, தறியே பூப் போடுகிறது, உனக்கு என்ன வேலை என்று நம் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். அட்டையில் எந்த ஓட்டை எங்கே விழ வேண்டும் என்பதில்தான் டிசைன் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கீபோர்டுக்காரனுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது.

இந்தப் பேச்சுப் பேசுகிற குழுக்கள் மேடையில் என்ன செய்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். பென்டிரைவில் பாடகர் குரல் இல்லாத மைனஸ் ஒன் ட்ராக்கை ஏற்றி ஓடவிட்டு, அதன்மேல் பாடுகிறார்கள். கீபோர்டுக்காரர் அங்கங்கே தொட்டுக்கொள்கிறார். அதற்கு யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் படத்தில் கேட்டபடியே இருக்கிறது. ஆடி மாதத்து மாரியம்மன் பண்டிகை மேடையை நினைத்துப் பாருங்கள். பாட்டு நடுவில் கமிட்டித் தலைவர் மைக்கை வாங்கி நன்கொடை கொடுத்தவர் பெயரை வாசிப்பார். பாடகர் ஜனத்தின் கைதட்டலுக்காகப் பல்லவியை இன்னொரு தரம் எடுப்பார். ட்ராக் காத்திருக்காது. அது பாட்டுக்குச் சரணத்துக்குப் போய்விடும், மேடை அதன் பின்னால் ஓட வேண்டும். ஆர்பெஜியோ நம் கை சொல்கிறபடி நிற்கும், நடக்கும். கார்டைப் பிடித்திருக்கிற வரை அதே இடத்தில் சுற்றும், ஹோல்டு போடாமல் விட்டால் அடங்கும், பாடகர் வேகத்தைக் கூட்டினால் டேப் டெம்போவில் தட்டிக் கூட்டிக்கொள்ளலாம். ட்ராக்கை ஏற்றுக்கொண்டு ஆர்பெஜியோவை ஏளனம் செய்கிறவருக்கு நேரடி வாசிப்பின்மேல் உண்மையான அக்கறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாதத்தை மட்டும் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. மேடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்த குழு நாலைந்து பேராகச் சுருங்கியதே, வயலின்காரரும் தபேலாக்காரரும் வீட்டுக்குப் போனார்களே, இந்தப் பெட்டிதானே காரணம் என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த வலி நியாயமானது. கீபோர்டு பலர் வேலையை எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் அதை எடுத்தது சொந்தமாகச் செய்த ஆர்பெஜியோ இல்லை. செலவைக் குறைக்கிற கமிட்டியும், ரெடிமேட் ஸ்டைலும், ட்ராக்கும் எடுத்தன. மேலே சொன்ன மாதிரி ஒரு நடையைச் செய்ய வேண்டுமானால் தப்புக்காரர் பக்கத்தில் இருந்தாக வேண்டும், அவருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும், மேடையிலும் அவரை வாசிக்க வைக்க வேண்டும். அவரிடம் நடையை வாங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்புகிறவனை நான் ஆதரிக்கவில்லை. அது திருட்டு.

ஆர்பெஜியோ கூடாத இடங்களும் உண்டு. ராக ஆலாபனையிலும் விருத்தத்திலும் அது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நாதஸ்வரக்காரர் கூட இருக்கிற மேடையில் வேகம் அவருடையது, மெஷினுடையது இல்லை. கம்பெனி வரிசையை அப்படியே தூக்கி எல்லாப் பாட்டுக்கும் போடுகிறவரை யார் திட்டினாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இயந்திரத்தைக் கண்டு மிரண்ட மண் இல்லை இது. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்து ஏற்காடு ரோட்டில் இருந்து 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' படத்தைக் கொடுத்தது, 1956-இல் தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கொடுத்தது. அறுபதுகளில் அதே நிறுவனத்தின் படங்களுக்கு இசையமைத்த வேதா, இந்தி மெட்டுகளை எடுத்துத் தமிழுக்குப் பொருத்தினார். கடன் வாங்கிய மெட்டுதான். ஆனாலும் ஜனம் அதைத் தமிழ்ப் பாட்டாகவே இன்றும் கேட்கிறது. வாங்குவது குறை இல்லை, வாங்கியதில் கையை வைக்காமல் இருப்பதுதான் குறை.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர் 1982-இல் ரோலண்டின் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 என்ற மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். எச்.எம்.வி. வெளியிட்டது. டிபி-303-இல் சுரங்களை ஒவ்வொன்றாக உள்ளே கொடுக்க வேண்டும். அதன் ஸ்லைடு வசதியைக் கொண்டு ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுக்கலாம், நம் ஜாரு கமகத்துக்கு அது கிட்டே வருகிறது. பைரவ், தோடி, யமன் எல்லாம் அதில் இருக்கின்றன, நம் மோகனமான பூபாளியும் இருக்கிறது. அன்றைக்கு அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்தபோது, சிகாகோவில் எண்பதுகளின் பின்பாதியில் பிறந்த ஆசிட் ஹவுஸ் இசைக்கு முன்பே ஒருவர் பம்பாயில் அந்த ஒலியை எட்டியிருக்கிறார் என்று வெளிநாட்டவர் வியந்தார்கள். அவர் கம்பெனி கொடுத்ததை வாசிக்கவில்லை. தனக்குத் தெரிந்த ராகத்தைப் பெட்டிக்குள் கையால் ஏற்றினார்.

கீபோர்டு வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலங்காரம் சொல்லிக்கொடுக்கிற வாரத்திலேயே, அதை ஆர்பெஜியோவாக மாற்றி வைக்கவும் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைக்குத் தாளமும் புரியும், கருவியும் புரியும். குழு நடத்துகிறவர்கள் அடுத்த முறை கீபோர்டுக்கு ஆள் எடுக்கும்போது, எந்த மாடல் வைத்திருக்கிறாய் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நீயே செய்த ஆர்பெஜியோ ஒன்றைப் போட்டுக் காட்டு என்று கேளுங்கள். வாசிக்கிற தம்பி, தங்கைகளே, உங்கள் கருவியில் காலியாகக் கிடக்கிற அந்த இடங்களை, அதாவது யூசர் பேங்கைத் திறந்து பாருங்கள். இந்த ஆடிக்குள் அதன் முதல் இடத்தில் உங்கள் ஊர் நடை ஒன்று இருக்கட்டும்.